பழைய வளவுகளைப் பேணித் தரும் ஒரு சேவை: வலிகாமத்திலிருந்து ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வீட்டைத் திருத்துவதற்கு மேசன்மாரும் தச்சர்களும் இன்னும் கிடைக்கிறார்கள். அந்த வீட்டைச் சூழ்ந்திருக்கும் வளவை, அதன் வயதையும் வரலாற்றையும் அறிந்து பேணித் தருவதற்கு ஆள் கிடைப்பதுதான் அரிது. காணி துப்புரவாக்கித் தருவதாகச் சொல்லி வருபவர்கள் பெரும்பாலும் மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தோடு வருகிறார்கள். அவர்கள் வேலையை முடித்துப் புறப்படும்போது பற்றையோடு சேர்ந்து கிணற்றடி வாய்க்காலும், பழைய நடைபாதையின் கற்களும், தலையெடுக்கத் தொடங்கிய பனை வடலிகளும் போயிருக்கும். பிறகு அந்த வெறும் செம்மண்ணில் கல் பதித்து, சாடிகளில் குரோட்டன் வைத்து, அதைத் தோட்டம் என்று சொல்லிக்கொள்வதே இப்போது வழக்கமாகிவிட்டது.

எங்கள் குடும்பத்தின் பொதுக் காணிக்கு இந்த நிலை வரக் கூடாது என்பதற்காகவே, யாழ். நகரை அண்மித்து இயங்கும் ஒரு சிறு குழுவின் சேவையைப் பெற்றோம். குறைந்த ஆள்பலத்தோடு வேலை செய்யும் அவர்கள் விளம்பரத்தை விரும்பாததால் பெயரை இங்கே தரவில்லை. ஆனால், இத்தகைய சேவையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பது இதே நிலையில் உள்ள மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன்.

வளவு யாழ். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தின் செம்மண் நிலத்தில், ஏறத்தாழ பத்துப் பரப்பு (அரை ஏக்கருக்குச் சற்று மேல்) அளவில் இருக்கிறது. நடுவில், உள்முற்றத்தைச் சூழக் கட்டிய நாற்சார் வீடு. தென்புறம் துலாக்கிணறும் அதன் தொட்டியும் வாய்க்காலும். வடகிழக்கு மூலையில் வைரவர் கோயிலும் அதையொட்டி ஒரு சிறு கேணியும். ஒழுங்கை என்னும் சிறு தெருவின் பக்கத்தில் முருகைக்கல் (பவளச் சுண்ணக்கல்) மதிலும் மற்ற மூன்று பக்கங்களிலும் கிளுவை வேலியும் எல்லைகளாக உள்ளன. பெரிய இலுப்பை ஒன்று, கறுத்தக்கொழும்பான் மாமரங்கள், பலா, வேம்பு, மேற்கு எல்லையில் ஒரு பனை வரிசை ஆகியவை முன்னோர் வைத்தவை. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபரில் போரினால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டாரும் வெளியேறினார்கள். பின்னர் திரும்பியவர்கள் சிலர். வெளிநாடு போனவர்கள் பலர். பார்ப்பாரின்றி நின்ற மரங்கள் தம் போக்கில் வளர்ந்தன; ஆலும் அரசும் மதிலுக்குள் வேர் ஓட்டின; கேணி சேற்றால் நிறைந்தது.

குழுவினர் முதலில் வந்தபோது எந்த வெட்டுக்கருவியும் கொண்டுவரவில்லை. அளவுநாடாவும் புகைப்படக் கருவியும் குறிப்பேடும் மட்டுமே அவர்களிடம் இருந்தன. ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டு, அடிமரச் சுற்றளவை அளந்து, வளவின் வரைபடத்தில் குறித்தார்கள். வாய்க்கால் எங்கே தொடங்கி எந்தப் பாத்திக்குப் போனது, முன்பு படலை எந்தப் பக்கம் இருந்தது, பூக்கொய்யும் செடிகள் எங்கே நின்றன என்பவற்றை எண்பது வயதைத் தாண்டிய எங்கள் பெரிய மாமியிடம் இருந்து கேட்டு எழுதினார்கள். குழுவை நடத்தும் பெண்மணி விவசாயம் படித்தவர். "அம்மா, நீங்கள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது இந்த இலுப்பை எவ்வளவு பெரிதாக இருந்தது?" என்று அவர் கேட்டதும், மாமி தன் கைகளை விரித்துக் காட்டியதும் அறிக்கையில் ஒரு வரியாகப் பதிவாகியிருக்கிறது. வெட்டுக்கத்தியோடு வருபவர்களிடம் எதிர்பார்க்க முடியாத ஒழுங்கு இது.

இந்த ஒழுங்குக்கு ஓர் அடிப்படை உண்டு. வரலாற்றுத் தோட்டங்களைப் பேணுவதற்கான நெறிகளைத் தொகுத்த புளோரன்ஸ் சாசனம் 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் வரையப்பட்டு, 1982ஆம் ஆண்டு டிசம்பரில் இக்கொமோஸ் என்னும் சர்வதேசப் பேரவையால், கட்டடங்களுக்கும் நினைவுச்சின்னங்களுக்கும் உரிய வெனிஸ் சாசனத்தின் இணைப்பாகப் பதிவு செய்யப்பட்டது. வரலாற்றுத் தோட்டம் உயிருள்ள நினைவுச்சின்னம் என்றும், அதன் முதன்மையான கூறுகள் தாவரங்கள் ஆகையால் அவை அழியக்கூடியவை, புதுப்பிக்கவும் கூடியவை என்றும் அது சொல்கிறது. முன்கூட்டிய ஆராய்ச்சி இல்லாமல் எந்த மீளமைப்பையும் தொடங்கக் கூடாது என்பதும், மரம், நீர், கட்டுமானம், நிலத்தின் மேடுபள்ளம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வேலை செய்தால் முழுமை குலையும் என்பதும் அதன் விதிகளில் அடங்கும். பெரிய பூங்காக்களுக்கு மட்டுமன்றிச் சிறு தோட்டங்களுக்கும் இவை பொருந்தும் என்று அதிலேயே சொல்லப்பட்டுள்ளது. அரண்மனைத் தோட்டங்களுக்கு உரிய மரியாதையை ஒரு பத்துப் பரப்பு வளவுக்கும் கொடுக்கலாம் என்பதை நான் இந்தக் குழுவிடமிருந்தே அறிந்தேன்.

மர வேலையில்தான் அவர்களுடைய திறமை முழுமையாகத் தெரிந்தது. இலுப்பையின் அடிமரத்தில் ஒரு பெரிய பொந்து இருக்கிறது. இதற்கு முன் பார்த்தவர்கள் எல்லோரும் மரம் உளுத்துவிட்டது, வீட்டின் மேல் விழும் முன் தறித்துவிட வேண்டும் என்றே சொன்னார்கள். குழுவினர் மரச் சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டி ஓசையைக் கேட்டார்கள்; மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, உறுதியான மரம் எவ்வளவு தடிப்பில் எஞ்சியிருக்கிறது என்று பல இடங்களில் அளந்தார்கள். மரத்தின் உயிரோட்டம் பட்டையை அடுத்த வெளிப்படைகளில்தான் நடக்கிறது. நடுவில் உள்ள வைரம் பாய்ந்த மரப்பகுதி ஏற்கெனவே உயிரற்றது. ஆகையால் பொந்து இருப்பதனால் மட்டும் மரம் சாகாது. சுற்றியுள்ள உறுதியான பகுதியின் தடிப்பு, தண்டின் ஆரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறதா என்பதை ஒரு பொது அளவுகோலாக எடுத்துக்கொள்வார்கள். எங்கள் இலுப்பை அந்த அளவைத் தாண்டியே நிற்கிறது. நெடுந்தீவில் உள்ள பெருக்க (பாவோபாப்) மரத்தின் பொந்துக்குள் ஆட்கள் புகுந்து நிற்கிறார்கள், அந்த மரமும் தழைத்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அவர்கள் நினைவூட்டியபோது, தறிக்கச் சொன்ன உறவினர்களும் அமைதியானார்கள்.

பொந்துக்குள் முந்திய தலைமுறையினர் யாரோ சீமெந்து அடைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அது நல்ல வைத்தியமாகக் கருதப்பட்டது. காற்றில் மரம் அசையும்போது சீமெந்து அசையாது. இடையில் விழும் வெடிப்பில் ஈரம் தங்கி உளுப்பை வளர்க்கும். குழுவினர் தானாகக் கழன்ற துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு, மரம் தழுவிக்கொண்ட பகுதியைத் தொடாமல் விட்டார்கள். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாமரங்களின் தலையைத் தட்டையாக வெட்டிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி வெட்டினால் வெட்டுவாயிலிருந்து தளிர்கள் கற்றையாகக் கிளம்பும்; அவை தண்டோடு ஆழமாகப் பிணைவதில்லை என்பதனால் சில ஆண்டுகளின் பின் வாடைக்காற்றில் முறிந்து விழும். இவர்கள் காய்ந்த கொப்புகளையும், ஒன்றோடொன்று உரசிய கொப்புகளையும், ஓட்டுக்கூரையில் சாய்ந்தவற்றையும் மட்டுமே எடுத்தார்கள். கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒரு புடைப்பு வளையம் இருக்கும். அதற்கு வெளியே, அதைக் காயப்படுத்தாமல் வெட்டினால்தான் மரம் அந்தக் காயத்தைத் தானே சுற்றி மூடும். பாரமான கொப்புகளில் முதலில் அடியிலிருந்தும், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்தும் வெட்டிப் பாரத்தை இறக்கிய பின்னரே கடைசி வெட்டை வைத்தார்கள். வெட்டுவாயில் தார் பூசச் சொல்லி நான் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். அமெரிக்க வன சேவையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ 1970களில் செய்த ஆய்வுகள், மரம் காயத்தை உள்ளிருந்து தடுப்புச் சுவர்கள் எழுப்பி ஒதுக்குகிறது என்பதையும் பூச்சுகள் உளுப்பைத் தடுப்பதில்லை என்பதையும் காட்டின என்று விளக்கினார்கள். மேலே ஏறி வேலை செய்தவர் முன்பு மரமேறிக் கள் இறக்கும் சீவல் தொழிலில் இருந்தவர். தண்டில் ஆணி பதியும் காலணிகளைப் பயன்படுத்தாமல் கயிற்றின் துணையோடு மட்டுமே ஏறினார்.

வேம்பைச் சுற்றிக் கட்டியிருந்த சீமெந்து மேடையை உடைத்தது அடுத்த பெரிய வேலை. கோயில் வாசலிலும் சந்தியிலும் நாம் அன்போடு கட்டும் இந்த மேடைகள் மரத்துக்கு எவ்வளவு தீங்கு செய்கின்றன என்பதைப் பலர் உணர்வதில்லை. உணவையும் நீரையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணில், ஏறத்தாழ முதல் இரண்டடிக்குள், கொப்புகளின் நிழலுக்கு அப்பாலும் பரந்திருக்கும். மேலே மண்ணைக் குவித்தோ சீமெந்து பூசியோ காற்றை மறித்தால் அவை மூச்சடைத்துச் சாகும். மேடை போன இடத்தில் சருகைப் பரப்பினார்கள், அடிமரத்தோடு ஒட்டாமல் ஒரு சாண் விலகி. முற்றத்தைக் கூட்டிச் சருகைக் கொளுத்துவதே நம் வழமை. தோட்டக்காணிகளுக்குப் பூவரசங்குழை புதைத்துப் பசளையாக்கத் தெரிந்த ஊரில், வீட்டு வளவின் சருகு நாள்தோறும் புகையாகப் போவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. அந்தக் குவியலைக் கொளுத்த வேண்டாம் என்று குழுவினர் பராமரிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டுச் சென்றார்கள்.

எங்கள் குடும்பத்தில் வாதத்தைக் கிளப்பிய விடயம் பங்கர். வீட்டின் கோடிப்புறத்தில், பலாவுக்கும் மதிலுக்கும் இடையே, போர்க்காலத்தில் வெட்டிப் பனங்குற்றி போட்டு மூடிய பதுங்குகுழி ஒன்று இருந்தது. குற்றிகள் உக்கி விழுந்து, அது இப்போது ஒரு நீண்ட பள்ளம். அதை மண்ணிட்டு நிரப்பி மேலே பூங்கன்று நாட்டுவதே முறை என்று உறவினர்களில் பலர் எண்ணினர். குழுவினர் வேறு கருத்தை முன்வைத்தார்கள். தோட்டம் ஒரே காலத்தில் உருவானதன்று. அதன் வளர்ச்சியில் வந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் மதிப்பளிக்க வேண்டும், ஒரு காலத்துக்காக இன்னொரு காலத்தை அழிப்பது விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்ற நெறியைச் சொல்லி, விளிம்பைச் சரிவாக்கி, ஆள் விழாதபடி தாழ்ந்த கல்வரிசை ஒன்றை வைத்து, பள்ளத்தைப் பள்ளமாகவே விடலாம் என்றார்கள். மழைநீர் அங்கே தேங்கி நிலத்துக்குள் இறங்கும் என்பது மேலதிக நன்மை. இந்த மண்ணில் வளவுகளின் வரலாறு நாற்சாரோடும் கேணியோடும் முடிந்துவிடவில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒளித்த குழியும் அந்த வளவின் பகுதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாக்குவாதம் நீண்டாலும், முடிவில் பள்ளம் தப்பியது.

கேணியைத் தூர்வாரும் வேலையை நீர் மிகவும் வற்றியிருக்கும் ஆவணி மாதத்தில் எடுத்தார்கள். இயந்திரம் இறக்கினால் படிக்கற்கள் நெகிழும் என்பதால் சேற்றை ஆட்களே வாளியில் அள்ளினார்கள். உலர்ந்த பின் அது மாமரங்களைச் சுற்றியுள்ள மண்ணோடு கலக்கப்பட்டது. ஆறுகளை நம்ப முடியாத எங்கள் குடாநாட்டில், சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கும் மழைநீர்தான் கிணற்று நன்னீர். அந்த நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். ஊர்தோறும் முன்னோர் குளமும் கேணியும் வெட்டிவைத்தது நீராடவும் மாடுகள் குடிக்கவும் மட்டுமன்று. நல்லூரில் 'ப' வடிவில் அமைந்த யமுனா ஏரி முதல் எங்கள் வைரவர் கேணி வரை எல்லாம் ஒரே நிலத்தோற்றத்தின் உறுப்புகள் என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கேணி தூர்ந்துபோவது ஒரு குடும்பத்தின் இழப்பாக மட்டும் நின்றுவிடாது.

மதிலில் வேரோடியிருந்த அரசங்கன்றுகளைப் பிடுங்காமல் அறுத்துவிட்டார்கள். தடித்த வேரை இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். வெடிப்புகளை அடைக்கச் சுண்ணாம்புச் சாந்தையே பயன்படுத்தினார்கள். முருகைக்கல் நுண்துளைகள் நிறைந்தது. ஈரத்தை உறிஞ்சி வெளியேவிடும் இயல்புடையது. அதன்மேல் சீமெந்து பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு, கல் பொடிந்து உதிரும். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு சேர்த்துப் பதமாக்கத் தெரிந்த முதிய மேசன் ஒருவர் குழுவில் இருப்பது இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம். அவரிடம் தொழில் பழக இளைஞர் எவரும் இல்லை என்பதை ஆழ்ந்த கவலையோடு பதிவு செய்கிறேன்.

குறைகளும் உண்டு. அறிக்கையில் மரங்களின் பெயர்கள் தாவரவியல் பெயர்களாகவே இருந்தன. மாமிக்கும் பராமரிப்பாளருக்கும் பயன்பட வேண்டிய ஆவணத்தில் ஊர்ப்பெயர்களை நாங்கள் கேட்ட பிறகே சேர்த்தார்கள். மதில் வேலை புரட்டாசியின் பிற்பகுதிக்குத் தள்ளிப்போனதால், சாந்து இறுகும் முன்பே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு பகுதி கரைந்து, தைக்குப் பிறகு மீண்டும் பூச வேண்டியதாயிற்று. அதற்குக் கூலி வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேலியில் இடைவெளி விழுந்த இடங்களில் கம்பி அடிக்காமல், நட்டால் துளிர்க்கும் கிளுவைத் தடிகளான கதியால்களையே நாட்டினார்கள். கொள்கையளவில் நான் அதை ஏற்கிறேன். உயிர்வேலியே எங்கள் ஒழுங்கைகளின் முகம். ஆனால் கதியால் வேர்விட்டு நெருங்கும் வரை ஆடுமாடு நுழையாமல் தற்காலிகமாகப் பனை ஓலை வேலியாவது அடைத்துத் தந்திருக்க வேண்டும். புதிதாக நாட்டிய செவ்வரத்தை, நந்தியாவட்டைக் கன்றுகளில் பாதியை ஆடுகள் மேய்ந்துவிட்டன.

எல்லாவற்றிலும் பெரிய குறை, வேலை முடிந்த பின் வரும் காலத்தைப் பற்றிய ஏற்பாடு பலவீனமாக இருப்பது. பராமரிப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சாசனமே அழுத்திச் சொல்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரையான வறட்சியில் நீர்விடவும், மதிலில் புதிதாக முளைக்கும் ஆலங்கன்றைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளவும் மாதம் ஒருமுறையாவது பழகிய கண் ஒன்று வளவைப் பார்க்க வேண்டும். குழுவினர் ஆண்டுக்கு இருமுறை வருவதற்கே உடன்படுகிறார்கள். இடைக்காலத்துக்கு எங்கள் பராமரிப்பாளரைப் பயிற்றுவிக்கக் கேட்டோம்; அதை மனமுவந்து செய்தார்கள். இருந்தாலும் இதைக் கேட்கும் வரை காத்திராமல் சேவையின் பகுதியாகவே அவர்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்காலத்துக்கான நடுகையை அவர்கள் திட்டமிட்ட விதம் சிறப்பானது. கறுத்தக்கொழும்பானிலிருந்து ஒட்டுக்கன்றுகள் எடுத்து, தாய்மரம் ஒருநாள் விழுந்தால் அதே இடத்தில் அதே வழிவந்த மரம் நிற்கும்படி வேறிடத்தில் வளர்க்கிறார்கள். இலுப்பை விதை நெடுநாள் முளைப்புத்திறனை வைத்திருப்பதில்லை என்பதால், பழம் விழும் பருவத்திலேயே பொறுக்கி உடனே பதித்தார்கள். பனை வரிசையின் இடைவெளிகளில் அந்த மரங்களின் கொட்டைகளையே புதைத்தார்கள். ஆண்பனையா பெண்பனையா என்று தெரிவதற்கே பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லும் ஒரு நடுகையை, பயன் தங்களுக்கு இல்லை என்று அறிந்தும் இவ்வளவு கவனத்தோடு செய்பவர்களை மதிக்காமல் இருக்க முடியாது. சுண்டுக்குளிப் பக்கத்தில் உள்ள பழைய பூங்காவில், 19ஆம் நூற்றாண்டில் வட மாகாண அரச அதிபராக நெடுங்காலம் இருந்த டைக்கின் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் முதிய மரங்களின் நிழலில் இன்றும் நாம் நடக்கிறோம். அவற்றுக்குப் பின் அங்கே நிற்கப்போகும் மரங்களும் இப்படி விதையிலிருந்தும் ஒட்டிலிருந்தும் இப்போதே தொடங்கப்பட வேண்டியவை.

கட்டணம் குறைவில்லை. மரம் தறிப்பவர்கள் கேட்கும் கூலியைவிட ஏறத்தாழ இருமடங்கு ஆகிறது. அளவீட்டுக்கும் அறிக்கைக்கும் தனியாக, வேலை தொடங்கும் முன்பே செலுத்த வேண்டும். வெளிநாட்டில் உள்ள உறவினர்களுக்குப் பணம் கொடுப்பதில் தயக்கம் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் முன்னும் பின்னுமாக எடுத்த படங்களையும் செலவுக் கணக்கையும் குழுவினர் ஒழுங்காக அனுப்பியதால் அது நீங்கியது. வளவை விரைவாக வெளிப்பாக்கி விற்க நினைப்பவர்களுக்கும், பசும்புல் தரையும் வண்ணப் பூச்செடிகளும் வேண்டுபவர்களுக்கும் இந்தச் சேவை பொருந்தாது. முதிய மரங்களும் கேணியும் கிணற்றடியும் எஞ்சியுள்ள காணியை வைத்திருப்பவர்கள், அல்லது கோயில் நந்தவனம் ஒன்றின் பொறுப்பில் இருப்பவர்கள், தயங்காமல் இத்தகையோரை நாடலாம்.

அழைக்க விரும்புபவர்கள் ஆனி மாதத்துக்குள் அளவீட்டை முடித்துக்கொண்டால், கேணியும் மதிலும் ஆவணிக்குள் நிறைவேறி, நடுகைக்கு ஐப்பசி மழை உதவும். பலா, பெண்பனை போன்ற மரங்களைத் தறிக்க நேர்ந்தால் 1951ஆம் ஆண்டின் மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெற வேண்டும். அதற்குரிய விண்ணப்பத்தைக் கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், வேலி நெருங்கும் வரை தற்காலிக அடைப்பு, பராமரிப்பாளருக்கான பயிற்சி, ஊர்ப்பெயர்களோடு கூடிய மரப்பட்டியல் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.